மூன்று திரையில் பறக்க: ஃபிளைட் சிமுலேட்டரைத் திணறாமல் ஓட வைப்பது எப்படி

கணினியின் ஃபிளைட் சிமுலேட்டரில், ஓடுபாதைக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிர்த்திசையில் பறந்துகொண்டிருக்கிறீர்கள். இறங்க வேண்டிய முனை இடது தோளுக்குப் பின்னால் 45 டிகிரியில் போனதும் அடுத்த திருப்பத்தை எடுக்க வேண்டும் என்று விமானப் பயிற்சியில் சொல்லித்தருவார்கள். ஒரே மானிட்டரில் பறக்கிறவருக்கு அந்த முனை கண்ணிலேயே படாது. ஜாய்ஸ்டிக்கின் ஹேட் பட்டனைத் தள்ளிப் பக்கவாட்டில் எட்டிப் பார்ப்பார். அதற்குள் விமானத்தின் மூக்கு தூக்கியிருக்கும், உயரம் 100 அடி மாறியிருக்கும். பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு மானிட்டர் வைத்த பிறகுதான் எனக்குத் தரையிறக்கம் பிடிபட்டது. நேராகப் பார்த்தபடியே ஓரக்கண்ணில் தரை நகர்வது தெரிகிறது. இறக்கை சாய்ந்தால் அடிவானம் மூன்று திரையிலும் சேர்ந்து சாய்கிறது. ஓடுபாதைக்கு மேல் மூக்கை மெல்ல நிமிர்த்தும்போது, தரை இன்னும் எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை ஓரக்கண்தான் சொல்கிறது.

ஆனால் படம் விட்டுவிட்டு ஓடினால் இத்தனையும் வீண். ஓரப்பார்வைக்கு எழுத்தைப் படிக்கத் தெரியாது, அசைவை மட்டும் நன்றாகப் பிடித்துவிடும். அதனால் ஒற்றைத் திரையில் பொறுத்துக்கொண்ட சிறு திணறல் மூன்று திரையில் தலைவலியாகிவிடும்.

புதிதாக மூன்று திரை மாட்டியவர்களில் பலர் முதலில் செய்வது படத்தின் தரத்தைக் கூட்டிக் குறைக்கும் எல்லா ஸ்லைடரையும் ஒரேயடியாகக் கீழே இறக்குவது. நிலம் களையிழந்து போகும், திணறலோ அப்படியே நிற்கும். சுமை எங்கே விழுகிறது என்று பார்க்காமல் குறைத்ததுதான் காரணம். சுமையை முதலில் கண்டுபிடித்துவிட்டால் இரண்டு மூன்று ஸ்லைடரோடு வேலை முடிந்துவிடும், மற்ற அழகையெல்லாம் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு கூடுதல் வேலை?

1920×1080 திரை ஒன்றில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள். அப்படி மூன்று வைத்தால் 62 லட்சம். 2560×1440 திரைகள் மூன்றென்றால் 1.1 கோடி. 4கே திரைகள் மூன்றென்றால் ஏறத்தாழ 2.5 கோடி. ஒரு 4கே திரையில் 83 லட்சம் பிக்சல் என்பதை நினைவில் வையுங்கள்: ஒற்றை 4கே திரையில் உங்கள் கிராபிக்ஸ் கார்டு சமாளிக்கிறது என்றால், மூன்று 1080 திரைக்கான பிக்சல் சுமையையும் அது தாங்கும். புதியவர்களுக்கு நான் 1080 அல்லது 1440 திரைகளைத்தான் சொல்வேன். மூன்று 4கே என்பது மிக உயர்ந்த கார்டுகளையும் மூச்சு வாங்க வைக்கும்.

பிக்சல் கணக்கு பாதிக் கதைதான். பார்வையின் அகலம் கூடும்போது கண்ணுக்குள் வரும் கட்டடங்கள், மரங்கள், சாலைகள், மேகங்கள் எல்லாம் கூடுகின்றன. இவற்றில் எதை வரைவது என்று பட்டியல் போட்டுக் கார்டிடம் கொடுப்பது சிபியுவின் வேலை. 60 டிகிரிப் பார்வை 140 டிகிரி ஆனால் அந்தப் பட்டியலும் இரண்டு மடங்குக்கு மேல் நீளும். அதனால்தான் "கார்டை மாற்றினேன், ஒன்றும் மாறவில்லை" என்ற புலம்பலை அடிக்கடி கேட்கிறோம்.

இணைப்பைச் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள்

எல்லா மானிட்டர் கேபிளும் கிராபிக்ஸ் கார்டின் துளைகளில்தான் செருகப்பட வேண்டும், மதர்போர்டின் துளையில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நானே பல வாரம் ஒரு பக்கத் திரையை மதர்போர்டில் செருகிவிட்டு, எந்த அமைப்பைத் தொட்டும் திணறல் போகவில்லையே என்று தவித்திருக்கிறேன். அப்படி இணைத்தால் படத்தை வரைவது ஒரு சிப், காட்டுவது இன்னொரு சிப். ஒவ்வொரு ஃபிரேமையும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்தையும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுத்து அனுப்ப வேண்டியிருக்கிறது.

அடுத்து, மூன்று திரையும் ஒரே ரெசல்யூஷன் (பிக்சல் அளவு), ஒரே ரெஃப்ரெஷ் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்ற எண்). விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பில் ஒவ்வொரு திரையையும் தனித்தனியே திறந்து பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்று சத்தமில்லாமல் 60-ல் ஓடிக்கொண்டிருப்பது சாதாரணமாக நடக்கும். முடிந்தால் மூன்றும் ஒரே மாடலாக இருக்கட்டும். நிறமும் வெளிச்சமும் ஒத்துப்போவது அழகுக்காக மட்டும் இல்லை. திரைக்குத் திரை வானத்தின் நீலம் மாறினால் கண் அந்த எல்லையிலேயே நின்றுவிடுகிறது.

விண்டோஸின் மின் அமைப்பை முழுச் செயல்திறனுக்கு மாற்றுங்கள். கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் ராம் தன் முழு வேகத்தில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்ற பெயரில் அந்த அமைப்பு இருக்கும். அதை இயக்காவிட்டால் நல்ல ராம் கூட அடிப்படை வேகத்திலேயே ஓடும். சிபியுவை நம்பி ஓடும் சிமுலேட்டர்களில் இதன் பலன் கண்ணுக்கே தெரியும்.

ஒரே அகலப் படமா, மூன்று தனிப் பார்வையா?

இந்த ஒரு முடிவை எடுப்பதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் தகும். மற்ற அமைப்புகள் எல்லாம் இதைப் பின்பற்றித்தான் வருகின்றன.

முதல் வழியில் மூன்று திரையும் சேர்ந்து ஒரே அகலமான திரையாகிவிடுகின்றன. என்விடியா கார்டுகளில் இதற்கு சரவுண்ட் என்று பெயர். ஏஎம்டி கார்டுகளில் ஐஃபினிட்டி. 2009-ல் வந்த வசதி அது. மூன்று 1080 திரைகள் 5760×1080 என்ற ஒரே திரையாக விண்டோஸுக்குத் தெரியும். சிமுலேட்டர் ஒரே கேமராவை வைத்து ஒரே படத்தை வரைந்தால் போதும். சிபியுவுக்கு இது கொஞ்சம் இலகு, அமைப்பதும் எளிது, எந்த சிமுலேட்டரிலும் வேலை செய்யும்.

இதில் ஒரு விலை உண்டு. தட்டையான படம் ஒன்றில் பார்வைக் கோணம் விரிய விரிய ஓரங்கள் இழுபடும். 120 டிகிரி அகலமுள்ள படத்தில், ஓரத்தில் இருக்கும் பொருள் நடுவில் இருப்பதைவிட அகலவாக்கில் 4 மடங்கு நீண்டு வரையப்படும். வட்டமான எஞ்சின் முட்டை வடிவமாகத் தெரிவதும், பக்கத்து ஜன்னல் வழியே தரை நடுத்திரையைவிட வேகமாக ஓடுவது போலத் தோன்றுவதும் இதனால்தான். மூன்று திரையையும் ஒரே நேர்கோட்டில், திருப்பாமல் வைத்து, உண்மையான கோணத்தைச் சிமுலேட்டருக்குக் கொடுத்தால் இந்த இழுவை கண்ணுக்குச் சரியாகிவிடும். ஓரத் திரையை நாம் சாய்வாகப் பார்ப்பதால் நீண்டது சுருங்கித் தெரியும். ஆனால் பெரும்பாலோர் பக்கத் திரைகளைத் தங்களை நோக்கித் திருப்பித்தான் வைக்கிறார்கள். திருப்பி வைத்த திரையில் இழுபட்ட படம் இழுபட்டதாகவே தெரியும்.

இரண்டாம் வழியில் ஒவ்வொரு திரைக்கும் தனிக் கேமரா. நடுக்கேமரா நேராகப் பார்க்கும்; இடது கேமரா இத்தனை டிகிரி இடப்பக்கம் திரும்பியிருக்கும்; வலதும் அப்படியே. எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டரில் இது நன்றாக வேரூன்றிய வசதி. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரின் 2020 பதிப்பில், 2022-ல் வந்த 10-ஆவது சிம் அப்டேட்டில் பரிசோதனை வசதியாகச் சேர்த்தார்கள். இலவசமாகக் கிடைக்கும் ஃபிளைட்கியரிலும் எக்ஸ்.எம்.எல். கோப்பில் கேமராக்களை எழுதி இதைச் செய்ய முடியும். படம் வடிவம் மாறாமல் வரும், திரைகளைத் திருப்பி வைக்கலாம், மானிட்டர் விளிம்பின் அகலத்தைக்கூடக் கணக்கில் சேர்க்கலாம். விலை, சிபியுவுக்கு. ஒரே உலகத்தை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மூன்று முறை பட்டியல் போட வேண்டியிருக்கிறது.

என் கருத்து இது: சிபியு வலுவாக இருந்து, ஓடுபாதையைச் சுற்றிப் பறப்பதும் தரையிறக்கமும் பழகுவதுதான் நோக்கம் என்றால் தனிக் கேமரா வழியே சிறந்தது. பழைய சிபியு, பெரும்பாலும் நீண்ட தூரப் பயணம் என்றால் அகலப் படம் போதும். பார்வைக் கோணத்தை 100 டிகிரிக்குள் வைத்துக்கொண்டால் இழுவை உறுத்தாது.

கோணத்தை அளந்து வைப்பது

மூன்று தனிப் பார்வையை எடுத்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டக் கூடாது. அளக்காமல் கண்ணளவில் வைத்தால் அடிவானம் திரைக்குத் திரை உடையும். அப்புறம் அதைச் சரிசெய்ய ஸ்லைடர்களோடு மாலை முழுதும் போராட வேண்டிவரும்.

நாற்காலியில் நீங்கள் பறக்கும்போது உட்காரும் நிலையில் உட்காருங்கள். கண்ணிலிருந்து நடுத்திரையின் மையம் வரை ஒரு நூலைப் பிடித்து அளவெடுங்கள். 70 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதே நீள நூலை வைத்துக்கொண்டே இடது, வலது திரைகளின் மையமும் கண்ணிலிருந்து 70 செ.மீ. தூரத்தில் வருமாறு திரைகளைத் திருப்புங்கள். மூன்று திரையும் கண்ணைச் சுற்றி ஒரு வட்டத்தைத் தொட்டு நிற்பது போல அமையும்.

27 அங்குல, 16:9 மானிட்டரில் படம் தெரியும் பரப்பின் அகலம் ஏறத்தாழ 59.8 செ.மீ. அதில் பாதி 29.9. அதை 70-ஆல் வகுத்தால் 0.427. கால்குலேட்டரில் டேனின் தலைகீழ் (tan⁻¹) பட்டனை அழுத்தினால் 23.1 டிகிரி வரும். இரண்டால் பெருக்கினால் 46.3. இதுதான் ஒவ்வொரு கேமராவுக்கும் கொடுக்க வேண்டிய அகலப் பார்வைக் கோணம். அதே 70 செ.மீ. தூரத்தில் 24 அங்குலத் திரைக்கு ஏறத்தாழ 42 டிகிரி, 32 அங்குலத்துக்கு 54.

இப்போது விளிம்பு. பக்கத்துக்கு அரை செ.மீ. விளிம்பு இருந்தால் மானிட்டரின் மொத்த அகலம் 60.8 செ.மீ. அதே கணக்கை இந்த எண்ணை வைத்துச் செய்தால் ஏறத்தாழ 47 டிகிரி. பக்கக் கேமராக்கள் இத்தனை டிகிரி திரும்பியிருக்க வேண்டும். பார்வைக் கோணம் 46.3, திருப்பம் 47. அந்தச் சிறு வித்தியாசம்தான் விளிம்புக்குப் பின்னால் மறையும் உலகம். நிஜ விமானத்தில் ஜன்னல் சட்டத்துக்குப் பின்னால் கொஞ்சம் மறைவதைப் போலவே இதுவும் இருக்கும்.

எக்ஸ்-பிளேன் 12-ல் கிராபிக்ஸ் அமைப்புப் பக்கத்தில் மானிட்டர்களின் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றையும் முழுத்திரை சிமுலேட்டராக மாற்றி, விஷுவல் ஆஃப்செட் அமைப்பைத் திறந்து, பக்கவாட்டு ஆஃப்செட்டில் இடதுக்கு மைனஸ் 47, வலதுக்கு 47 என்று கொடுங்கள். செங்குத்து ஆஃப்செட்டும் சாய்வும் 0-வாக இருக்கட்டும். பிறகு விமானத்தைக் கடலுக்கு மேலே நேராகப் பறக்கவிட்டு அடிவானத்தைப் பாருங்கள். மூன்று திரையிலும் ஒரே கோடாக ஓட வேண்டும். உடைந்து தெரிந்தால் பெரும்பாலும் மானிட்டர்களின் உயரம்தான் சமமாக இருக்காது. எண்களைத் தொடும் முன்பு ஸ்டாண்டைச் சரிசெய்யுங்கள்.

இந்த அமைப்பில் மொத்தம் ஏறத்தாழ 140 டிகிரி கிடைக்கும். இடப்பக்கம் 70 டிகிரி வரை தெரியும். ஓடுபாதைக்கு இணையாகப் பறக்கும்போது அது 90 டிகிரியில் இருக்கும் என்பதால், மூன்று திரை வைத்தும் தலையைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கும் வசதி தேவைதான். ஹேட் பட்டனில் 30 டிகிரி இடது, 30 டிகிரி வலது என்று இரண்டு பார்வையைப் பதிந்து வையுங்கள். 30 டிகிரி திரும்பினால் இடத்திரையின் விளிம்பு 100 டிகிரியைத் தொடும்.

ஒரே சோதனைப் பறத்தல்

எந்த ஸ்லைடரையும் தொடும் முன் ஒரு சோதனைப் பறத்தலைத் தயார்செய்து சேமித்துக்கொள்ளுங்கள். ஒரே விமானம், ஒரே விமான நிலையம், ஒரே நேரம், கையால் அமைத்த ஒரே வானிலை. நேரடி வானிலை வேண்டாம். நேற்றிருந்த மேகம் இன்றைக்கு இருக்காது, பிறகு எதை எதோடு ஒப்பிடுவது? பெரிய நகரத்தை ஒட்டிய விமான நிலையம், இடையிடையே வானம் தெரியும் மேகங்கள், மாலை வெளிச்சம் என்று வைத்தால் மோசமான நிலை எது என்று தெரிந்துவிடும். 3 நிமிடம் பறந்து, ஒரு சுற்றுத் திருப்பமும் எடுங்கள். திரும்பும்போதுதான் புதிய நிலப்பரப்பு பார்வைக்குள் வேகமாக நுழைகிறது, திணறலும் அங்கேதான் தலைகாட்டும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். மாற்றியது என்ன, கிடைத்தது என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். பத்து மாற்றத்துக்குப் பிறகு எது உதவியது என்று நினைவில் நிற்காது.

எண்களை எங்கே பார்ப்பது? எக்ஸ்-பிளேனில் டேட்டா அவுட்புட் பக்கத்தில் ஃபிரேம் ரேட் வரிசையைக் காக்பிட்டில் காட்டச் சொன்னால், ஒரு ஃபிரேமுக்கு சிபியு எடுத்த நேரமும் கார்டு எடுத்த நேரமும் தனித்தனியே தெரியும். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020-ல் டெவலப்பர் மோடை இயக்கி எஃப்.பி.எஸ். (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்) காட்டியைத் திறந்தால், தடை சிபியுவின் முக்கிய வேலை ஓடும் மெயின் திரெட்டில் இருக்கிறதா கார்டில் இருக்கிறதா என்று அதுவே எழுதிக் காட்டும்.

எஃப்.பி.எஸ். என்ற எண்ணைவிட மில்லி விநாடிக் கணக்கில் யோசிக்கப் பழகுங்கள். 30 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 33.3 மில்லி விநாடி கிடைக்கிறது. 60 என்றால் 16.7. சிபியு 28, கார்டு 19 என்று காட்டினால், எந்த மேக ஸ்லைடரைக் குறைத்தாலும் பயன் இல்லை என்று அந்த நொடியே தெரிந்துவிடும். இருவரில் மெதுவானவர்தான் ஃபிரேமின் நேரத்தைத் தீர்மானிக்கிறார்.

இந்த எண்கள் எதுவும் காட்டாத சிமுலேட்டர் என்றால் எளிய சோதனை ஒன்று உண்டு. ரெசல்யூஷனைப் பாதியாக்கிப் பறந்து பாருங்கள். ஃபிரேம் நன்றாக ஏறினால் கார்டுதான் தடை. அப்படியே நின்றால் சிபியு. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் சிபியு 30 சதவீதம் என்று காட்டுவதை நம்பி ஏமாறாதீர்கள். அது சிபியுவுக்குள் இருக்கும் எல்லாக் கோர்களின் (தனித்தனிச் செயலிகளின்) சராசரி. சிமுலேட்டரின் முக்கிய வேலை ஓடும் ஒரு கோர் முழுதாக நிறைந்திருக்க, மற்றவை சும்மா இருக்கும்.

சிபியு தடையாக இருந்தால்

மூன்று தனிப் பார்வை வைத்தவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்பார்கள். எக்ஸ்-பிளேனில் முதலில் தொட வேண்டியது உலகப் பொருள்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர். ஒரு படி இறக்கினாலே வித்தியாசம் தெரியும். மைக்ரோசாஃப்டின் சிமுலேட்டரில் டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெய்ல் என்ற ஸ்லைடர். 200-ல் வைத்திருந்தால் 100-க்கு இறக்கிப் பாருங்கள்; தூரத்து மலைகள் சற்று மழுங்கும், ஆனால் சிபியுவுக்கு நிறைய மூச்சு கிடைக்கும். அப்புறம் மற்ற விமானங்கள், சாலை வாகனங்கள், விமான நிலையத்தில் நடமாடும் வண்டிகள். இவை சிபியுவைத் தின்கின்றன, பறக்கும்போது நாம் இவற்றைப் பார்ப்பதோ அபூர்வம்.

முள் கருவிகளுக்குப் பதில் திரைகள் இருக்கும் கண்ணாடி காக்பிட் கொண்ட விமானங்களில் திரைக்கருவிகள் எவ்வளவு அடிக்கடி புதுப்பிக்கப்படுகின்றன என்பதற்கும் ஓர் அமைப்பு உண்டு. நடுநிலைக்கு இறக்கினால் போதும். எல்லா அமைப்புகளையும் நுணுக்கமாகப் பின்பற்றும் பெரிய பயணிகள் விமானங்கள் தாங்களே சிபியு நேரத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். அமைப்புகளைச் சரிசெய்யும் காலத்தில் எளிய ஒற்றை எஞ்சின் விமானத்தில் தொடங்கி, பிறகு பெரிய விமானத்துக்கு மாறிப் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று தெரிந்தால், பழி எதன்மேல் என்றும் தெரியும்.

எக்ஸ்-பிளேனில் பறப்பவர்கள் ஓர் எல்லையை மனதில் வைக்க வேண்டும். ஃபிரேம் 20-க்குக் கீழே போனால் அது தன் நேரத்தையே மெதுவாக்கிவிடும், பறத்தல் கணக்கு பிழையாகாமல் இருக்க. திரையில் பார்க்க ஓடுவது போலத்தான் இருக்கும். ஆனால் சிமுலேட்டரின் ஒரு நிமிடம் உங்கள் கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். தரையிறக்கம் பழகுகிறவருக்கு இது தவறான கைப்பழக்கத்தைக் கொடுத்துவிடும்.

கார்டு தடையாக இருந்தால்

இது கொஞ்சம் எளிது. பிக்சலுக்குப் பிக்சல் செலவாகும் அமைப்புகள்தான் மூன்று திரையில் மூன்று மடங்காகின்றன. ஆன்டி-அலையாசிங், அதாவது விளிம்புகளின் ரம்பப் பற்களை மழுக்கும் வசதி, முதல் இடம். ஒற்றைத் திரையில் 8 மடங்கு வைத்திருந்தவர் 4-க்கு, தேவைப்பட்டால் 2-க்கு வரலாம். அடுத்தது மேகங்களின் தரம். முப்பரிமாண மேகங்கள் அழகானவை, கார்டுக்கு மிகக் கனமானவையும் அவைதான். மேகத்துக்குள் பறக்கும்போது மூன்று திரையும் மேகத்தால் நிறைந்துவிடுவதால் ஃபிரேம் சட்டென்று விழும். மிக உயர்ந்த தரத்திலிருந்து ஒரு படி இறக்குங்கள். நகரும் படத்தில் வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினம். நிழல்களின் தரம், நீரில் பிரதிபலிப்பு ஆகியவற்றை அதன் பிறகு பாருங்கள்.

குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் முறைகளும் உண்டு. என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ்., ஏஎம்டியின் எஃப்.எஸ்.ஆர். ஆகியவை அவை. வெளிக்காட்சிக்கு நன்றாகவே உதவுகின்றன. ஆனால் கருவிகளின் சின்ன எழுத்துகள் மங்குகிறதா, ஓடும் எண்கள் நிழல் விடுகின்றனவா என்று நடுத்திரையில் கவனியுங்கள். கருவிகளைப் பார்த்துப் பறப்பவருக்கு அந்த மங்கல் பெரிய இழப்பு. ஃபிரேம் ஜெனரேஷன் என்பது வேறு: வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவே ஒன்றைச் செயற்கையாக நுழைப்பது. எண் ஏறும், கண்ணுக்கு மென்மை கூடும், ஆனால் ஜாய்ஸ்டிக்கை அசைத்ததும் விமானம் பதில் சொல்லும் வேகம் அதிகரிக்காது. அதனால் முதலில் உண்மையான ஃபிரேம்களை நல்ல நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

வீடியோ நினைவகத்தைத் தனியாகப் பாருங்கள். அது நிறைந்து வழிந்தால் கார்டு கணினியின் ராமிலிருந்து தரவை இழுக்கத் தொடங்கும்; நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அரை விநாடி உறைந்து நிற்பது அதன் அடையாளம். இங்கே குறைக்க வேண்டியது டெக்ஸ்சர் தரம், அதாவது பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டப்படும் படங்களின் தரம். ஃபிரேம் சராசரியை அது பெரிதாக மாற்றாது, அந்த உறைவைப் போக்கிவிடும்.

ஃபிரேமைக் கட்டிப்போடுவது

புதியவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும், ஆனாலும் செய்து பாருங்கள்: 35-க்கும் 55-க்கும் இடையே தாவிக்கொண்டிருக்கும் ஓட்டத்தைவிட, அசையாமல் நிற்கும் 30 மென்மையாகத் தெரியும்.

60 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொரு 16.7 மில்லி விநாடிக்கும் ஒருமுறை புதிய படத்தை ஏற்றுக்கொள்கிறது. 30 ஃபிரேம் கொடுத்தால் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு முறை காட்டப்படும். 40 கொடுத்தாலோ, ஒரு படம் ஒருமுறை, அடுத்த படம் இருமுறை என்று மாறி மாறி வரும். எண் கூடுதல்தான், ஓட்டம் நொண்டும். அதனால் திரையின் ரெஃப்ரெஷ் ரேட்டைச் சரியாக வகுக்கும் எண்ணையே தேர்ந்தெடுங்கள். 60-க்கு 30. 144 ஹெர்ட்ஸுக்கு 48 அல்லது 36. மானிட்டர் 120-ஐத் தாங்கும் என்றால் எனக்குப் பிடித்தது அதுதான், 40 அதில் சரியாக வகுபடும் என்பதால். 30-ஐவிடக் கைக்கு நெருக்கமாகவும் இருக்கும், 60-ஐப் போல இயந்திரத்தைப் பிழியாது.

எந்த எண்ணில் கட்டுவது என்பதற்கு என் வழி: சோதனைப் பறத்தலின் மோசமான இடத்தில் வந்த எண்ணைப் பாருங்கள். அதற்குக் கீழே உள்ள முதல் வகுபடும் எண்ணில் கட்டுங்கள். கட்டுவதற்கு, திரையின் புதுப்பிப்போடு ஃபிரேமை இணைக்கும் விசிங்க் அமைப்பையோ, கார்டின் கன்ட்ரோல் பேனலில் உள்ள அதிகபட்ச ஃபிரேம் ரேட் அமைப்பையோ, ரிவாட்யூனர் என்ற மென்பொருளையோ பயன்படுத்தலாம். ஏதாவது ஒன்றை மட்டும். இரண்டு இடத்தில் கட்டினால் ஒன்றோடொன்று மோதிப் புதுத் திணறலை உண்டாக்கும்.

நான்காவது திரையும் இரண்டாவது கணினியும்

கருவிகளைத் தனித்திரையில் வைக்க ஆசை வருவது இயல்பு. மைக்ரோசாஃப்டின் சிமுலேட்டரில் வலப்பக்க ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு காக்பிட் திரையைச் சொடுக்கினால் அது தனிச் சாளரமாக வெளியே வரும். ஒவ்வொரு சாளரமும் ஃபிரேமில் ஒரு பங்கைத் தின்னும். இரண்டு மூன்று எடுத்தால் முன்பு செய்த உழைப்பெல்லாம் கரைந்துவிடும். ஒன்றை வெளியே எடுத்துச் சோதனைப் பறத்தலை ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுங்கள். கருவிகளை வீட்டு நெட்வொர்க் வழியாக ஒரு டேப்லெட்டிலோ பழைய மடிக்கணினியிலோ தனி மென்பொருளை வைத்து வரையச் செய்வது இன்னும் நல்லது. விமானத்தின் எண்களை மட்டும் அனுப்புவது சிமுலேட்டருக்குச் சுமையே இல்லை. வரைகிற வேலை முழுதும் அந்தக் கருவிக்குப் போய்விடுகிறது.

ஒரு கணினியால் எவ்வளவு முயன்றும் முடியவில்லை என்றால், எக்ஸ்-பிளேனில் பக்கத் திரைகளைத் தனிக் கணினிகளுக்கே கொடுத்துவிடலாம். தலைமைக் கணினி பறத்தலைக் கணக்கிடும், மற்றவை அதன் நிலையைக் கேட்டுத் தங்கள் கோணத்தை வரையும். எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பும் ஒரே சீனரியும் இருக்க வேண்டும், இணைப்பு வயர் வழியாக இருக்க வேண்டும். இங்கே ஓர் அருமையான வசதி: ஒவ்வொரு கணினிக்கும் தனி கிராபிக்ஸ் அமைப்பு என்பதால், ஓரக்கண்ணால் மட்டும் பார்க்கப்படும் திரைகளைக் குறைந்த தரத்தில் ஓட்டலாம். பழைய கணினிகளுக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது.

எல்லாம் அமைந்த பிறகு அமைப்புக் கோப்புகளை நகலெடுத்து வையுங்கள், சோதனைப் பறத்தலின் எண்களைத் தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். சிமுலேட்டரின் புதிய பதிப்போ கிராபிக்ஸ் டிரைவரோ வந்தால் மறுபடி அதே பறத்தலை ஓட்டி ஒப்பிடுங்கள். டிரைவர் மாற்றிய பின் முதல் ஓட்டத்தில் ஷேடர்கள் (படத்தை வரையக் கார்டு பயன்படுத்தும் சிறு நிரல்கள்) புதிதாகத் தயாராவதால் கொஞ்சம் திணறும். அதைப் பார்த்து எந்த ஸ்லைடரையும் தொட வேண்டாம். இரண்டாவது ஓட்டத்தில் வரும் எண்ணைத் தாளில் எழுதுங்கள்.